மருந்து முடிந்த பின்னும் நீங்காத நீர்க்கடுப்பு: உளூ, மருத்துவம், வெட்கம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் மார்க்கக் கல்வி போதிக்கும் நம்மிடம் ஒரு கேள்வி அடிக்கடி வந்து சேர்கிறது. அது நேராக வருவதில்லை. ஓதவரும் பிள்ளையின் கையில் மடித்துக் கொடுத்தனுப்பிய சீட்டாக வரும். அல்லது நம் வீட்டுப் பெண்கள் வழியாகத் தயங்கித் தயங்கி வரும். "நீர்க்கடுப்புக்கு மருந்து சாப்பிட்டு முடித்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் எரிச்சல் போகவில்லை. போய்விட்டு வந்த உடனே மறுபடியும் வருவது போல் இருக்கிறது. உளூ நிற்கிறதா என்றே தெரியவில்லை. நான் தொழலாமா?"

'தொழலாமா' என்ற அந்தக் கடைசிச் சொல் நம்மைச் சுடுகிறது. விடை கிடைக்காமல் சிலர் தொழுகையையே நிறுத்திவிடுகின்றனர். சிலர் ஒரு வக்துக்கு ஐந்தாறு முறை உளூச் செய்து சோர்ந்து போகின்றனர். இன்னும் சிலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு நோயை வளர்க்கின்றனர். இம்மூன்றில் எதையும் மார்க்கம் அவர்களிடம் கேட்கவில்லை என்பதே நம் கருத்து. அதற்குரிய காரணங்களை இங்கே முன்வைக்கிறோம்.

இதே கேள்வியைக் கேட்ட ஒரு ஸஹாபிப் பெண்

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு இடைவிடாத உதிரப்போக்கு இருப்பதாகவும், தாம் தூய்மை அடைவதே இல்லை என்றும் கூறி, தொழுகையை விட்டுவிடலாமா என்று வினவினார்கள். இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

நபியவர்கள் விடையளித்த ஒழுங்கை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். வேண்டாம், தொழுகையை விடாதே என்றார்கள். அது மாதவிடாய் அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று உடல் சார்ந்த காரணத்தை எடுத்துரைத்தார்கள். அதன் பிறகே கழுவிக்கொண்டு தொழும் முறையைக் கற்றுத் தந்தார்கள். அந்தப் பெண்மணியை எவரும் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய ஈமானைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை.

உடலில் நிகழ்வது என்ன என்பதை அறிந்து, அதற்கேற்பச் சட்டம் சொல்வதே நபிவழி என்று இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆகவே நாமும் உடலிலிருந்தே தொடங்குவோம்.

உடலில் நிகழ்வது என்ன?

நம் ஊர்களில் நீர்க்கடுப்பு வந்தால் 'சூடு பிடித்துக்கொண்டது' என்பார்கள். இளநீர், பார்லிக் கஞ்சி, சீரகத் தண்ணீர் என்று கொடுப்பார்கள். நீர் அருந்துவது நல்லதே. ஆயினும் பெரும்பாலும் இது வெறும் சூடு அன்று. குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி சிறுநீர்த் தாரை வழியாகப் பையை அடைவதால் உண்டாகும் தொற்று இது. பெண்களுக்கு அந்தத் தாரை ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே உள்ளதால் கிருமி எளிதில் ஏறிவிடுகிறது. பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய் வருகிறது. இது ஒழுக்கக் குறையின் அடையாளமோ தூய்மைக் குறைவின் தண்டனையோ அன்று.

உரிய மருந்து தொடங்கினால் இரண்டு மூன்று நாட்களில் வேதனை குறையத் தொடங்கும். ஆனால் கிருமி அழிவதும் பை ஆறுவதும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. காலில் பட்ட காயம் சீழ் வற்றிய பிறகும் சில நாள் தொட்டால் வலிப்பது போல, புண்பட்ட சிறுநீர்ப்பையின் உட்சுவர் கிருமி போன பின்னும் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள் கூச்சத்துடன் இருக்கும். சிறிது நீர் சேர்ந்தாலே 'நிறைந்துவிட்டது' என்று அது சமிக்ஞை அனுப்பும். போய்ப் பார்த்தால் நான்கு சொட்டுத்தான் வரும்.

நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் அச்சம் வேண்டாம். குறையாமல் நீடித்தாலோ, போய்ப் போய் வந்தாலோ காரணம் தேட வேண்டும். கொடுத்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படாதிருக்கலாம். கல் இருக்கலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதிருக்கலாம். சர்க்கரைக்காக உண்ணும் மாத்திரைகளில் ஒரு வகை, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது. அதனால் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டு எரிச்சல் தரலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அவ்விடத்துத் தோல் மெலிந்து வறள்வதும் இதே வேதனையைத் தரும். ஆண்களாயின் புராஸ்டேட் சுரப்பியைப் பார்க்க வேண்டும். கிருமியே இல்லாமல் சிறுநீர்ப்பை வலிக்கும் நோயும், பை காரணமின்றி அவசரப்படுத்தும் நோயும் உண்டு. சிறுநீரில் சீழணுக்கள் இருந்தும் வழக்கமான பரிசோதனையில் கிருமி வளரவில்லை என்றால், நம் நாட்டில் காசநோயையும் மருத்துவர் நினைவில் கொள்வார்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம், நீர் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் எரிச்சல் என்ற அளவிலேயே தாமதமின்றிக் காட்ட வேண்டியவர்கள்.

மீண்டும் அதே மாத்திரையா?

'போன முறை கேட்ட மாத்திரைதானே' என்று பழைய அட்டையை மருந்துக் கடையில் காட்டி வாங்கி உண்பது நம் மக்களிடம் பரவியுள்ள வழக்கம். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கியதும் மீதியை அலமாரியில் வைப்பதும், அடுத்த முறை அதையே மருமகளுக்குக் கொடுப்பதும் உண்டு. இதை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

சில வலுவான கிருமிக்கொல்லி மருந்துகளை 2014 மார்ச் 1 முதல் நடுவண் அரசு 'அட்டவணை எச் 1' என்ற பிரிவில் வைத்துள்ளது. அவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். கிருமிக்கொல்லி அட்டைகளில் காணும் சிவப்புக் கோடு, சீட்டின்றி உண்ணாதே என்பதற்கான எச்சரிக்கை. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. வழக்கமாகத் தரப்படும் பல மருந்துகளுக்கு ஈ.கோலை கட்டுப்படாமல் போவது நம் நாட்டில் மிகுதி என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன.

ஆகவே வேதனை திரும்பினால் செய்ய வேண்டிய முதற்காரியம் சிறுநீர் 'கல்ச்சர்' பரிசோதனை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை அது சொல்லும். புதிய மருந்து தொடங்கும் முன்பே சிறுநீரைக் கொடுக்க வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான புட்டியில் பிடிக்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்த பின்னும் கிருமிக்கொல்லியை வற்புறுத்திக் கேட்பது பயனற்றது. அப்போது தேட வேண்டியது வேறு காரணத்தை.

அல்லாஹ்வின் அடியார்களே, சிகிச்சை பெறுங்கள் என்ற பொருள்பட நபியவர்கள் கிராமவாசிகளுக்கு விடையளித்தார்கள். அரைகுறையாக விழுங்கி மீதியை ஒளித்து வைப்பது அந்த ஏவலுக்குப் பணிந்ததாகாது.

உணர்வு வேறு, கசிவு வேறு, ஐயம் வேறு

இனி உளூவுக்கு வருவோம். இந்நோயாளிகளின் துன்பத்தில் பெரும்பகுதி, மூன்று வெவ்வேறு நிலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருகிறது.

முதலாவது, உணர்வு. சிறுநீர் வருவது போன்ற உந்துதல், எரிச்சல், அடிவயிற்றுக் கனம் ஆகியவை உளூவை முறிப்பதில்லை. எது வெளியேறுகிறதோ அதுவே உளூவை முறிக்கும். உந்துதல் இருந்து எதுவும் வெளிவராதவரை உளூ நிலைத்திருக்கிறது. மருந்துக்குப் பின் எரிச்சலோடு வாழும் சகோதரிகளிற் பலர் இந்த நிலையில்தான் இருக்கின்றனர். அவர்கள் ஆரோக்கியமானவர்களைப் போலவே தொழலாம்.

இரண்டாவது, ஐயம். 'வந்திருக்குமோ' என்ற எண்ணம் மட்டும் எழுந்தால் அதற்கு மதிப்பில்லை. தொழுகையில் ஏதோ வெளியேறியது போல் தோன்றுகிறது என்று ஒருவர் முறையிட்டபோது, சத்தத்தைக் கேட்கும்வரை அல்லது நாற்றத்தை உணரும்வரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள். உறுதியானது ஐயத்தால் நீங்காது என்ற சட்ட அடிப்படையை அறிஞர்கள் இதனுடன் இணைத்துக் கூறுவர். உளூச் செய்த பின் ஆடையின் மீது சிறிது நீரைத் தெளித்துக்கொள்வதும் ஹதீஸ்களில் வந்துள்ளது. பிறகு ஈரம் தென்பட்டால் 'நாம் தெளித்த நீர்' என்று மனம் அமைதி கொள்ள அது உதவும்.

மூன்றாவது, உண்மையான கசிவு. ஈரம் உறுதியாகத் தெரிகிறது, அது தெளித்த நீரும் அன்று என்றால் உளூ முறியும். பட்ட இடத்தைக் கழுவ வேண்டும். அந்தக் கசிவு எப்போதாவது வருகிறதா, விடாமல் வருகிறதா என்பதைப் பொறுத்து அடுத்த சட்டம் அமையும்.

தொடர் கசிவு உள்ளவரின் சலுகை

ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும், உளூச் செய்து பர்ளைத் தொழும் அளவுக்குக்கூடக் கசிவின்றி இடைவெளி கிடைக்காதவரை ஹனஃபி மத்ஹபில் 'மஃதூர்' என்பர். அந்த நிலை ஒருமுறை உறுதியான பின், அடுத்தடுத்த வக்துகளில் ஒரு முறை கசிந்தாலே அச்சலுகை தொடரும். அவர் ஒவ்வொரு வக்துக்கும் ஓர் உளூச் செய்துகொண்டு, அந்த நேரத்திற்குள் பர்ளு, சுன்னத், களா, நஃபில் எதையும் தொழலாம், குர்ஆனை ஏந்தி ஓதலாம். அந்தக் கசிவு மட்டும் அவருடைய உளூவை முறிக்காது. வேறு காரணத்தால் முறியும். வக்து முடிந்ததும் உளூவும் முடியும். தொழுது முடிப்பதற்குள் ஆடை மீண்டும் நனைந்துவிடும் என்ற நிலையில் அதைத் திரும்பத் திரும்பக் கழுவும் கடமையும் இல்லை.

ஷாஃபி மத்ஹபில், தொழுகை நேரம் வந்த பின் அவ்விடத்தைக் கழுவி, துணி அல்லது பேடு வைத்துக்கட்டி, உளூச் செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். ஓர் உளூவுக்கு ஒரு பர்ளு. நஃபில்கள் விரும்பும் அளவு தொழலாம்.

நின்று தொழும்போதோ குனியும்போதோ கசிந்து, உட்கார்ந்தால் கசியாது என்றிருந்தால் உட்கார்ந்தே தொழ வேண்டும் என்பதையும் அறிஞர்கள் எழுதியுள்ளனர். உட்கார்ந்து தொழுவதை இழிவாக எண்ண வேண்டாம். மூல நோயால் துன்புற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்தும் தொழுமாறு நபியவர்கள் கற்பித்தார்கள்.

ரமலானில் நோயாளி நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம் என்பது குர்ஆனே தந்த சலுகை. நாள் முழுதும் நீரின்றி இருந்தால் தொற்று முற்றும் என்று மருத்துவர் கூறினால், அச்சலுகையை ஏற்பதே நன்று. இரு வேளை மருந்து மட்டுமே என்றால் ஸஹரிலும் இஃப்தாரிலும் உண்ண முடியுமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

தூய்மையின் பெயரால் விளையும் தீங்கு

சிறுநீர் விஷயத்தில் கவனமின்றி இருந்ததால் கப்ரில் வேதனை செய்யப்பட்டவரைப் பற்றிய ஹதீஸை நம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். அது மெய்யான எச்சரிக்கை. அலட்சியம் செய்பவருக்கான எச்சரிக்கை. ஆனால் அதைச் சொல்லும் அதே மிம்பரில் மஃதூரின் சட்டம் எத்தனை முறை ஒலிக்கிறது? பாதியை மட்டும் கேட்ட நோயாளி அச்சத்தில் மூழ்குகிறார். அலட்சியக்காரர் அந்தப் பயானுக்கு வருவதே இல்லை.

அச்சம் முற்றினால் வஸ்வாஸாக மாறுகிறது. சோப்பையும் கிருமிநாசினித் திரவத்தையும் கொண்டு பல முறை கழுவுகின்றனர். அந்த மென்மையான இடம் அதனாலேயே எரியத் தொடங்குகிறது. எரிவதால் நோய் என்று அஞ்சி மேலும் கழுவுகின்றனர். தூய நீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுவதே போதும். சொட்டு முற்றும் நின்றுவிட்டதை உறுதி செய்யும் 'இஸ்திப்ரா' கூட ஹனஃபி சட்டத்தில் ஆண்களுக்கே கூறப்பட்டது. பெண் சிறிது நேரம் பொறுத்துப் பின் கழுவினால் போதும் என்று இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். வஸ்வாஸ்காரர்கள் தம்மை வருத்திக்கொள்வதை இப்னு குதாமா, இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்ற இமாம்கள் தனியே எழுதிக் கண்டித்துள்ளனர்.

'எதற்கும் ஒரு முறை போய்விட்டு வருவோம்' என்று உந்துதலே இல்லாமல் மீண்டும் மீண்டும் கழிவறைக்குச் செல்வதும் சிறுநீர்ப்பையைக் கெடுக்கும். சிறிதளவுக்கே அவசரப்பட அது பழகிவிடும். மறுபுறம், மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழ வேண்டாம் என்பதும் நபிமொழி. நடுவழி இதுவே: தேவை இருந்தால் ஒரு முறை சென்று, உளூச் செய்து, உடனே தொழுதுவிட வேண்டும். தேநீரைக் குறைப்பதும் பலருக்கு அவசரத்தைத் தணிக்கும்.

வெட்கம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

அலீ (ரலி) அவர்களுக்குக் காமநீர் அதிகம் கசியும் நிலை இருந்தது. நபியவர்களின் மருமகன் என்பதால் நேரில் கேட்க வெட்கம். அதற்காகக் கேள்வியைக் கைவிடவில்லை. மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்கச் செய்து விடை பெற்றார்கள். வெட்கத்தையும் காத்தார்கள், கல்வியையும் அடைந்தார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாக இருந்ததில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதும் நாம் அறிந்ததே. துண்டுச் சீட்டில் கேள்வி அனுப்பும் சகோதரி அலீ (ரலி) அவர்களின் வழியில்தான் நடக்கிறார். அவரைப் பார்த்து நகைப்பவருக்கே வெட்கம் வேண்டும்.

குடும்பமும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியவை

நாற்று நடச் செல்லும் பெண்களும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலைப் பேருந்தில் செல்லும் பெண்களும், பள்ளிக்குச் செல்லும் மகள்களும் பகலெல்லாம் நீர் அருந்தாமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு திரும்புகின்றனர். காரணம் ஒதுங்க இடமில்லை என்பதே. பள்ளிவாசலில் ஒரு கிராமவாசி சிறுநீர் கழித்தபோது தோழர்கள் சினந்து பாய்ந்தனர். இடையில் நிறுத்தாதீர்கள் என்று தடுத்து, பின்னர் ஒரு வாளி நீரை அவ்விடத்தில் ஊற்றச் செய்தார்கள் நபியவர்கள். நடுவில் அடக்கினால் அவர் உடலுக்குத் தீங்கு என்பதையும் விளக்கவுரையாளர்கள் இதில் சுட்டுகின்றனர். பள்ளிவாசலின் தரையைவிட அந்த மனிதரின் உடலைப் பற்றி முதலில் கவலைப்பட்ட நபியின் உம்மத் நாம். நம் மதரஸாவிலும், நிகாஹ் மண்டபத்திலும் பெண்களுக்குத் தாழிடக்கூடிய, நீர் வரும் கழிவறை இருக்கிறதா? மினாராவுக்கு வசூலிக்கும் முன் இதற்கு வசூலிப்போம்.

கணவன்மார்களே! மனைவி 'எரிகிறது' என்று சொன்னால் அது உங்கள் பொறுப்பு. மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பெண் மருத்துவர் இருந்தால் நன்று. இல்லாதபோது தேவையை முன்னிட்டு ஆண் மருத்துவரிடம் காட்டுவது மார்க்கத்தில் ஆகுமானதே. 'லேடி டாக்டர் வரட்டும்' என்று காய்ச்சலோடு காத்திருப்பது பேணுதல் அன்று. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குங்கள். மேற்சிகிச்சைக்குக் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு தேடி வரும் பெண் தன்னார்வலரிடம் இதைப் பற்றியும் கேளுங்கள். அரசின் 104 என்ற எண்ணில் முகம் காட்டாமலேயே ஆலோசனை பெறலாம்.

ஆலிம்களான நாம், கேட்பவரிடம் முதலில் 'மருத்துவரிடம் காட்டினீர்களா?' என்று வினவ வேண்டும். தலையில் காயம்பட்ட ஒருவருக்குச் சலுகை இல்லை என்று தோழர்கள் சொல்லிவிட, அவர் குளித்து இறந்துபோனார். செய்தி அறிந்த நபியவர்கள் கடுமையாக வருந்தி, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றார்கள். அபூதாவூதில் வரும் இந்நிகழ்ச்சி ஃபத்வா சொல்லும் ஒவ்வொருவருக்கும் நடுக்கம் தர வேண்டும். நம் பெண்கள் மதரஸாக்களில் மாதவிடாய்ச் சட்டத்தோடு மஃதூரின் சட்டத்தையும் ஒரு பாடமாக வைக்க வேண்டும். அதை ஓர் ஆலிமாவே நடத்த வேண்டும்.

சகோதரிகளே! மார்க்கத்தில் எந்த நெருக்கடியையும் உங்கள் மீது அல்லாஹ் வைக்கவில்லை. அவன் நாடுவது எளிமையையே. எரிச்சலோடு நீங்கள் தொழும் இரண்டு ரக்அத்துகள் அவனிடம் குறைந்தவை அல்ல. மருந்தை முழுமையாக உண்ணுங்கள், நீரை அருந்துங்கள், ஐயத்தைத் தள்ளுங்கள், தொழுகையை விடாதீர்கள்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! அவர்களுடைய வேதனையைப் பாவங்களுக்குப் பரிகாரமாக ஆக்குவானாக! கேட்பவருக்கு எளிதாக்கும் கல்வியை நமக்கு வழங்குவானாக! ஆமீன்.